மஞ்சள் மாத்திரை மச்சானுக்கு

மழைக்காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. பொது மருத்துவ வார்டுக்கு வெளியே, வராந்தாவில் கட்டில் போட ஆரம்பித்தால் நடவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சேற்றில் இறங்கியவர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலோடு வந்து சேர்வார்கள். ஒருவருக்கு நுரையீரல் முழுக்கச் சளி, ஒருவருக்குக் கல்லீரலில் சீழ், இன்னொருவருக்கு முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கும். கிருமி என்னவோ ஒன்றுதான். வயல் மண்ணில் குடியிருக்கிற அந்தச் சனியன் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு வரும். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் அனுப்புகிறவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் அதற்கு மண்காய்ச்சல் என்று பெயர்.

நான் அந்த வார்டில் ஆராய்ச்சி நர்ஸ். பெயர் வான்பென். ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டுவிட்டு என் அம்மா ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். உண்மையில் நோயாளிகளின் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி அலைவதுதான் வேலை. மாத்திரை போட்டீர்களா, வாந்தி வந்ததா, போட்டேன் என்கிறீர்களே, நிஜமாகவே போட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கண்டாலே ஓடி ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் டாக்டர் பாக்பூம் நடத்திய ஆராய்ச்சியைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மண்காய்ச்சலுக்கு முதலில் ஊசி மருந்து, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. பாதியில் நிறுத்தினால் கிருமி திரும்பி வரும், வந்தால் முன்னைவிட மோசமாக வரும். வெள்ளை மாத்திரை கேட்கும் என்பது தெரிந்த விஷயம். அதோடு மஞ்சள் மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. மஞ்சள் வயிற்றை எரிக்கும், வெயிலில் நின்றால் தோலைப் பொசுக்கும். அது ஒத்துக்கொள்ளாமல் இரண்டையுமே தூக்கி எறிந்துவிடுகிறவர்கள் அதிகம். அப்படியானால் மஞ்சள் தேவைதானா என்பதுதான் டாக்டரின் கேள்வி. அதற்காக எல்லோருக்கும் வெள்ளையில் நிஜ மருந்து. மஞ்சளில் மட்டும் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆராய்ச்சி முடியும்வரை அந்த விவரம் பாங்காக்கில் பூட்டிக் கிடக்கும்.

இதை விவசாயிகளுக்குப் புரியவைக்க டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். லாட்டரி. பாங்காக்கில் ஆராய்ச்சிகளுக்கு அனுமதி கொடுக்கும் குழு கூடி உட்கார்ந்து, நல்ல உவமை என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தது. அந்தக் குழுவில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். இருந்திருந்தால் லாட்டரிப் பேச்சையே எடுக்க விட்டிருக்க மாட்டார்.

நோங்யாங் கிராமத்து சவெங் அண்ணன் இரண்டு நுரையீரலிலும் கிருமியோடு வந்து, ஊசி மருந்தில் பிழைத்து, கட்டிலில் எழுந்து உட்கார்ந்த காலையில் டாக்டர் அவரிடம் இதை விளக்கினார். பக்கத்தில் அவர் மனைவி புவாலாய் அக்கா ஒட்டுச்சோறு வைத்த மூங்கில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லாட்டரி மாதிரின்னு வெச்சுக்குங்கண்ணே. எந்த மஞ்சள் டப்பா யாருக்குன்னு குலுக்கல்லதான் முடிவாகும். நீங்களும் பொறுக்க முடியாது, நானும் பொறுக்க முடியாது."

"பரிசு என்ன டாக்டர்?"

"பரிசெல்லாம் இல்லண்ணே. உள்ள மருந்தும் இருக்கலாம், மாவும் இருக்கலாம்."

"புரியுது, புரியுது. மருந்துன்னா பரிசு. மாவுன்னா வெறுஞ்சீட்டு."

"அப்படியில்ல. மஞ்சள் இல்லாமலே வெள்ளை மட்டும் போதுமோ என்னவோ. அதத்தான் கண்டுபிடிக்கப் பாக்கறோம்."

"டாக்டர் எவ்வளவு பக்குவமா ஆறுதல் சொல்றாரு பாத்தியா?" சவெங் மனைவி பக்கம் திரும்பிச் சிரித்தார். "நான் யாரு? சாமி மரத்துல பவுடர் தேச்சு, அதுல தெரிஞ்ச நம்பருக்கு லாட்டரி எடுத்து ஜெயிச்சவன்."

"ஜெயிச்சது ஒரு தடவ. தோத்ததெல்லாம் யாரு கணக்கு வெக்கறது?" என்றாள் புவாலாய்.

இரண்டு டப்பாவோடு வீட்டுக்குப் போன சில நாளிலேயே சவெங் திரும்பி வந்தார். கையில் வேகவைத்த கடலைப் பொட்டலம். வார்டில் எல்லோருக்கும் ஒரு பிடி கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, விழுந்திருச்சு!"

"என்ன விழுந்துச்சு?"

"பரிசுதான், வேறென்ன? வயிறு தீயா எரியுது. மாவு தின்னா எங்கயாச்சும் வயிறு எரியுமா?"

வெள்ளை மாத்திரையும் வயிற்றை எரிக்கத்தான் செய்யும் என்று எடுத்துச் சொன்னேன். காதில் வாங்கினால்தானே. வெற்றிச் சீட்டு கையில் இருக்கிறவன் நர்ஸ் பேச்சையா கேட்பான்? கடலைத் தோலைத் தரையில் போடாதீர்கள் என்று மட்டும் சத்தம் போட்டு அனுப்பிவைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் மாதிரி ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை. சொன்ன தேதிக்கு வருவார். கொண்டு வரும் டப்பாக்கள் இரண்டும் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருக்கும். மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம் "அந்த நோங்யாங் அண்ணனப் பாருங்க, ஒரு மாத்திரை மிச்சம் வெச்சாரா?" என்று அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிவார். அந்தக் கூச்சத்தை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் அவரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். இந்தத் தடவை நடந்து வரவில்லை. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. என்னைப் பார்த்து வேறு யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரத்தம் எடுத்துச் சோதனைக்கூடத்தில் வைத்ததில் அதே கிருமி வளர்ந்தது. டாக்டர் முகம் விழுந்துவிட்டது.

"ஒரு மாத்திரைகூட விடாம சாப்பிட்டவரு. எப்படித் திரும்பி வந்துச்சு?" என்று என்னையே கேட்டார், எனக்கு ஏதோ தெரிந்த மாதிரி.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த புவாலாய் என் சட்டைக் கையைப் பிடித்து, மாடிப்படிக்குக் கீழே ஆளில்லாத இடத்துக்கு இழுத்துப் போனாள்.

"அவரு சாப்பிடல தங்கச்சி. மொத சில நாளுக்கு அப்பறம் மஞ்சள அவரு தொடவே இல்ல. நான்தான் கேட்டு வாங்கினேன்."

அவளுக்குக் குழந்தை இல்லை. கம்பான் என்று ஒரு தம்பி. தாய் செத்தபோது இடுப்பில் இருந்த பிள்ளையை இவள்தான் வளர்த்தாள். வளர்ந்து பாங்காக்கில் கட்டட வேலைக்குப் போனவன் கொத்து வேலையைவிடக் குடியை நன்றாகக் கற்றுக்கொண்டான். சவெங் எங்களிடமிருந்து வீடு திரும்பிய சமயத்தில்தான் அவனும் காய்ச்சலோடு ஊர் வந்து சேர்ந்திருக்கிறான். எங்கள் மருத்துவமனைக்குத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். இரண்டு தடவை ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் வளரவில்லை. மண்காய்ச்சல் இல்லை, வேறு ஏதோ காய்ச்சல், தானாகப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் தொழிலில் இது ஒரு பெரிய சங்கடம். கிருமி வளரவில்லை என்றால் கிருமி இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சில சமயம் எங்களால் பிடிக்க முடியவில்லை என்றுதான் பொருள்.

வீட்டில் தம்பி பாயில் கிடந்து நடுங்கிக்கொண்டிருக்கிறான். அதே சூடு, அதே நடுக்கம், அதே காய்ச்சல் என்றுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருத்தருக்குக் குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, இன்னொருத்தனுக்குச் சீட்டே கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் லாட்டரி விழுந்தவன் வாயைத் துடைத்துக்கொண்டு தனியாகத் தின்ன முடியாது. சொந்தக்காரர்களுக்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவனைப் பற்றி அவன் செத்த பிறகும் பேசுவார்கள். விழுந்த அதிர்ஷ்டம் அவன் வீட்டில் தங்காது என்று நம்புகிறவர்கள் நாங்கள். டாக்டருக்கு இது தெரியாது. அவர் பாங்காக்கில் பிறந்தவர்.

"நான் கேட்டதும் அவரு யோசிக்கக்கூட இல்ல," என்றாள் புவாலாய். "ரெண்டு டப்பாவையும் முன்னால வெச்சுக்கிட்டு, 'வெள்ளை எனக்கு, மஞ்சள் மச்சானுக்கு. பரிசு விழுந்தா பங்கு குடுக்கணுமில்ல'ன்னு சிரிச்சாரு. கொஞ்ச நாள்ல தம்பி எந்திரிச்சு உக்காந்துட்டான். கோழி அடிச்சுக் கொழம்பு வெக்கச் சொன்னாரு. மச்சான் பொழச்சுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு." அவள் என் சட்டைக் கையை மறுபடியும் பிடித்தாள். "தம்பியக் காப்பாத்தறேன்னு நான் இவரக் கொன்னுட்டேனா? அந்த டப்பால என்ன இருந்துச்சு? மருந்தா, மாவா? அத மட்டும் சொல்லிருங்க."

டாக்டரிடம் ஓடினேன். நடந்ததைச் சொல்லி, பாங்காக்கில் பூட்டியிருக்கும் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள் என்றேன். ஆபத்து நேரத்தில் ஒரு நோயாளிக்கு மட்டும் திறந்து பார்க்க விதி இருக்கிறது.

"தெறந்தா வைத்தியம் மாறுமா வான்பென்?" என்றார். "மருந்தா இருந்தாலும் இதே ஊசிதான். மாவா இருந்தாலும் இதே ஊசிதான். வைத்தியம் மாறாதுன்னா தெறக்கக் கூடாது."

"அந்தம்மாவுக்கு மாறும் டாக்டர்."

"அதுக்கு விதில எடமில்லம்மா."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அதனால்தான் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. கையில் இருந்த தட்டை மேஜை மேல் டமார் என்று வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஆராய்ச்சியில் லாட்டரி என்ற வார்த்தையை அவரே எடுத்துவிட்டார். அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவள் ஆக மாட்டேன்.

சவெங்கின் ரத்த அழுத்தம் எந்த மருந்துக்கும் ஏறவில்லை. இனி நம்பிக்கை இல்லை என்று டாக்டர் சொன்னதும், எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பதைத்தான் புவாலாயும் கேட்டாள். மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்நிய இடத்தில் உயிர் போனால் ஆவிக்கு வழி தெரியாது. நானே கூடப் போகிறேன் என்றேன். வேனில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தொண்டைக்குள் விட்டிருந்த குழாயில் மாட்டிய காற்றுப்பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டே போனேன். மத்தியான வெயிலில் கண் கூசியது. வழி நெடுக வயல்களில் கதிர்கள் பால் பிடித்து நின்றன.

புவாலாய் அவர் காதருகே குனிந்து வழி சொல்லிக்கொண்டே வந்தாள். "ஆஸ்பத்திரி வாசலத் தாண்டிட்டோம், வாங்க. எடது பக்கம் திரும்பறோம், வாங்க. பாலம் வந்திருச்சு, பாத்து வாங்க." ஒரு திருப்பத்தையும் விடவில்லை. குரல் உடையவும் இல்லை. கம்பான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். நல்ல சதைப்பிடிப்போடு, கன்னம் மினுமினுக்க, முழு ஆரோக்கியமாக இருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"வீடு வந்திருச்சுங்க. படி ஏறுங்க," என்றாள் புவாலாய். நான் குழாயை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது.

சிதைக்குத் தீ வைக்கும் நாளில் இறந்தவருக்குப் புண்ணியம் சேர வேண்டி வீட்டு ஆண் ஒருவர் மொட்டையடித்துப் பிக்குவின் துவராடை போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அன்று சாயங்காலமே ஆடையைக் களைந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கம்பான் போட்டுக்கொண்டான். சாயங்காலம் களையவில்லை. மறுநாளும் களையவில்லை. என்னடா என்று கேட்கப் போன அக்காவிடம், "இந்த ஒடம்பு மச்சான் மருந்துல ஓடுது. இதுக்குள்ள இனிமே சாராயத்த ஊத்த எனக்கு உரிமை இல்ல," என்று சொல்லிவிட்டானாம். அதிலிருந்து அவன் அக்காவுக்கே "சாமி" ஆகிவிட்டான்.

மற்ற நோயாளிகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புவாலாய் சாலையோரம் வந்து நிற்பாள். கையில் ஒரு பப்பாளியோ கீரைக்கட்டோ இருக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. அவளுக்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"டப்பாவத் தெறந்தாச்சா?"

"இல்லக்கா. இன்னும் ஆள் சேத்துக்கிட்டு இருக்காங்க."

"சரி," என்று பப்பாளியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. அவள் பிரியமாகப் போட்டுக்கொள்ளும் நீல ரவிக்கை தோளிலிருந்து தொங்கியது. ஊரில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளே தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மட்டும், "சில நாள் மாவா இருந்திருக்கும்னு நெனைச்சுப்பேன், அன்னைக்குச் சோறு எறங்கும்," என்றாள். அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு நானும் மாவு, மாவு என்று மனசுக்குள் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். ஆராய்ச்சி நர்ஸ் அப்படி எதையும் வேண்டிக்கொள்ளக் கூடாது. வேண்டிக்கொண்டேன்.

நடவும் அறுப்பும் மாறி மாறி வந்து, ஒரு வழியாக ஆராய்ச்சி முடிந்தது. கூட்ட அறையில் குளிரூட்டியைப் பல் கிட்டும் அளவுக்கு வைத்து, பாங்காக்கிலிருந்து வந்தவர்கள் முடிவைத் திரையில் போட்டார்கள். மஞ்சள் மாத்திரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெள்ளையோடு நிஜ மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் கிருமி திரும்பி வந்தது ஏறக்குறைய ஒரே அளவில்தான். இனி யாரும் வயிறு எரிய, தோல் பொசுங்க அதை விழுங்க வேண்டியதில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல முடிவு, பல பேருக்கு உபகாரமான முடிவு. நானும் கை தட்டிவிட்டு டாக்டர் பக்கத்தில் போய் நின்றேன். நான் வாய் திறக்கும் முன்பே அவர் சவெங்கின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மாவு," என்றார் மெல்ல. "நீ போய்ச் சொல்லு வான்பென். நான் வந்தா அந்தம்மா பயந்துரும்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு சந்தோஷத்தோடு நான் போனதில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

புவாலாய் வீட்டு வாசலில் பாய் விரித்து, பிக்குகளுக்கு இடுவதற்காகச் சூடான ஒட்டுச்சோற்றுக் கூடையோடு காத்திருந்தாள். என் வண்டி நின்ற வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது போல எழுந்து நின்றாள்.

"தெறந்தாச்சா?"

"தெறந்தாச்சுக்கா. மாவு."

"மாவா?"

"வெறும் மாவுக்கா. நீங்க தம்பிக்கு எடுத்துக் குடுத்தது மாவு. அண்ணனுக்கு வேண்டியது வெள்ளை மாத்திரைதான். அத அவரு ஒண்ணு விடாம சாப்பிட்டாரு. நீங்க அவருகிட்டேருந்து எதையும் பிடுங்கல."

அவள் கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். அப்படியே உட்கார்ந்து, மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வேனில் அழாதவள், சிதை முன்னால் அழாதவள். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கும் கண்ணீர் வழிந்தது, ஆனால் நெஞ்சு லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் கொல்லல."

"இல்லக்கா."

"அப்ப யாரு?"

"யாருமில்லக்கா. எல்லாத்தையும் சரியாச் சாப்பிட்டும் சில பேருக்குத் திரும்பி வருது. ஏன்னு எங்களுக்கு இன்னும் தெரியல."

"தம்பிக்கு வந்தது?"

"அதுவும் தெரியலக்கா. ஏதோ ஒரு காய்ச்சல். தானா வந்து தானாப் போயிருக்கு."

"மாவத் தின்னு இவன் எந்திரிச்சான். மருந்தத் தின்னு அவரு படுத்துட்டாரு," என்றாள். அதில் கோபம் இல்லை. கடை வாசலில் தொங்கும் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பது போலச் சொன்னாள்.

கோயில் மணி கேட்டது. தெருமுனையில் பிக்குகள் வரிசையாக, வெறுங்காலோடு வந்தார்கள். கடைசியில் கம்பான். நாங்கள் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டோம். அவள் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு உருண்டைச் சோறு வைத்தாள். தம்பி வந்து நின்றபோது அவள் கை சோற்றோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு தூரம் எதைச் சுமந்துகொண்டு சந்தோஷமாக வந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

கம்பான் இளைத்து, தெளிந்த கண்ணோடு இருந்தான். மற்றவர்கள் நகர்ந்த பிறகும் அவன் நகரவில்லை. மருத்துவமனை வண்டியைப் பார்த்தான்.

"நர்ஸம்மா வந்திருக்காங்க. டப்பாவத் தெறந்துட்டாங்களா?"

அவனும் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். எங்களில் யாரும் அதை யோசிக்கவே இல்லை.

"தெறந்துட்டாங்க சாமி," என்றாள் புவாலாய்.

"மருந்துதானே?"

பிக்குவிடம், அதுவும் கையில் அன்னம் ஏந்திக்கொண்டு பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கோயில் சுவரில் அந்த நரகத்தைப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். புவாலாய் உருண்டையை அவன் பாத்திரத்தில் வைத்தாள்.

"மருந்துதான் சாமி. நெஜ மருந்து."

அவன் என் பக்கம் திரும்பினான். நான் தலையை ஆட்டினேன். இரண்டு பெண்களாகச் சேர்ந்து அந்தப் பொய்யை முழுமையாக்கினோம்.

கம்பான் கண்ணை மூடிக்கொண்டான். ஆடைக்கு மேலே நெஞ்சில் கை வைத்தான். "எனக்குத் தெரியும்," என்றான். "ஒடம்புக்குள்ள தெரியுது." பிறகு சவெங்கின் பெயரைச் சொல்லி ஆசி ஓத ஆரம்பித்தான். வழக்கத்தைவிட நீளமாக ஓதினான். இறந்தவருக்குப் புண்ணியம் போய்ச் சேர, புவாலாய் சிறு சொம்பிலிருந்து மாமரத்தின் வேரில் தண்ணீரை நூல் பிடித்தது போல ஊற்றினாள்.

அவன் தெரு திரும்பி மறையும்வரை காத்திருந்தேன்.

"ஏங்க்கா?" என்றேன். "உங்க மேல இருந்த பழி இப்பத்தானே எறங்குச்சு? சாமி இனி காலத்துக்கும் உங்களாலதான் மச்சான் போனாருன்னு நெனைப்பாரே."

"நெனைக்கட்டும். மாவுன்னு தெரிஞ்சா துணியக் கழட்டிருவான் தங்கச்சி. கழட்டினா சாயங்காலமே சாராயக் கடைல நிப்பான். அவரப் பறிகுடுத்துட்டேன். இவனையும் குடுக்கச் சொல்றீங்களா?"

நான் குனிந்து பாயைச் சுருட்டினேன்.

"அவருக்குத் தெரியும்," என்றாள், மாமரத்து வேரைப் பார்த்துக்கொண்டு. "எனக்கும் தெரியும். போதும்."

கூடையில் மிச்சமிருந்த சோற்றை வாழையிலையில் கட்டி, வழியில் சாப்பிடச் சொல்லி என் கையில் கொடுத்தாள். வண்டி வரைக்கும் கூடவே வந்தாள். நான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் கேட்கிற கேள்வி வாய்வரை வந்துவிட்டதோ என்னவோ, உதட்டைத் திறந்து மூடினாள்.

"இனிமே நீங்க வந்தா கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி," என்றாள். "வேற என்ன பேசறதுன்னுதான் தெரியல."

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது சாலையோரத்தில் அவள் இல்லை.